வீழ்ந்த வீரனும் ஊராரின் கடனும்

(ஆவூரில் விளையாட்டு இளைஞர்கள் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆவூர் என்ற பெயரைக் கேட்டவுடன் சரித்திரம் பயின்றவர் நினைவில் பெரியநாயகி அன்னையின் ஆலயமும், கடல் கடந்து வந்து தமிழ் கற்றுத் தமிழ் மக்களிடையே வாழ்ந்த ஏசு சபைத் துறவிகளின் காலமும் தோன்றும். விளையாட்டில் ஈடுபாடு கொண்டவர் நினைவிலோ இவ்வூரின் வாடிவாசலும், ஆலயத் திருவிழாவையொட்டி அதன் வழியே சீறிப் பாயும் காளைகளும், அவற்றின் திமிலை ஒரு கணமேனும் தழுவிவிட வேண்டுமென்று காத்து நிற்கும் மாடுபிடி வீரர்களும் தோன்றுவர். வீரத்தைப் போற்றத் தெரிந்த ஊர் இது. ஆகவே, வீரத்துக்கு அப்பால் உள்ள ஒரு விஷயத்தை, அதாவது களத்தில் விழுந்து, கழுத்தெலும்போ முதுகெலும்போ முறிந்து, அவயவங்கள் செயலற்று, அதன்பின் நாற்பது ஐம்பது ஆண்டுகள் வாழ வேண்டியவராகிவிட்ட ஒரு வீரர் தம் வாழ்வை எவ்வாறு மீண்டும் கட்டியெழுப்புகிறார் என்ற விஷயத்தைப் பேசுவதற்கு இதைவிடத் தகுந்த இடம் எனக்குக் கிடைக்காது.

நான் சொல்ல வந்த கருத்து ஒன்றுதான். அதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். களத்தில் இறங்கும் வீரம் தனி மனிதருக்கு உரியது. ஆனால் விழுந்தபின் எழும் மீட்சி தனி மனிதரால் ஆகக்கூடியதன்று. அது தாய் தந்தையர், வைத்தியர், தாதியர், ஆசிரியர், அண்டை வீட்டார், ஊர்ப் பெரியவர், அரசாங்கம் ஆகிய பலரும் சேர்ந்து செய்ய வேண்டிய காரியம். மனவுறுதி இருந்தால் எல்லாம் கைகூடும் என்று சொல்லிவிட்டு நாம் விலகிக்கொள்வோமாயின், அந்தச் சொல் புகழுரை போலத் தோன்றினும், உண்மையில் நம் கடனை விழுந்தவர் தலையிலேயே ஏற்றிவிடும் அநியாயமாக முடியும்.

நம் தமிழகத்திலேயே நடந்த ஒரு வரலாற்றிலிருந்து தொடங்குகிறேன். பிரீத்தி சீனிவாசன் என்னும் அம்மையார் 1979-ஆம் ஆண்டில் பிறந்தவர். சிறுமியாயிருந்தபோதே கிரிக்கெட்டில் வல்லவராகித் தமிழ்நாட்டு மகளிர் அணியில் இடம் பெற்றார். நீச்சலிலும் மாநில அளவில் பரிசு பெற்றார். படிப்பிலும் முன்னணியில் நின்றார். 1997-ஆம் ஆண்டில் பத்தொன்பது வயதுக்குட்பட்ட தமிழ்நாட்டு மகளிர் கிரிக்கெட் அணி அவர் தலைமையில் தேசிய வாகையர் பட்டத்தை வென்றது. பதினெட்டாம் வயதில் ஒரு பெண்ணுக்கு இதைவிட ஒளிமிக்க எதிர்காலம் அமைதல் அரிது.

1998-ஆம் ஆண்டு ஜூலை 11-ஆம் நாள், கல்லூரித் தோழியருடன் சென்ற ஒரு பயணத்தில், புதுச்சேரிக் கடற்கரையில் அவர் நீரில் இறங்கி விளையாடிக்கொண்டிருந்தார். தண்ணீர் தொடையளவுதான் இருந்தது. அலை பின்வாங்கியபோது காலடி மணல் நழுவிற்று. தடுமாறியவர், நீச்சல் பழகிய எவரும் செய்வது போலவே, விழாமல் முன்னோக்கி நீருக்குள் பாய்ந்தார். மின்சாரம் தாக்கினாற்போன்ற ஓர் அதிர்ச்சி உடலெங்கும் ஓடியது. அதன்பின் கழுத்துக்குக் கீழே எதுவும் அவர் வசத்தில் இல்லை. அருகில் புயலில்லை, பாறையில்லை, எதிராளியில்லை. ஆயிரம் முறை பழகிய ஓர் அசைவிலேயே அந்த விபத்து நேர்ந்தது. சென்னை வந்து உரிய சிகிச்சை தொடங்குவதற்குள் மணிக்கணக்கில் நேரம் கழிந்துவிட்டதாக அவரே பிற்காலத்தில் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். அந்த மணி நேரங்களைப் பற்றி நான் பின்னர்ச் சொல்வேன். அவை இவ்வூருக்கும் பொருந்தும்.

உடலினுள் நேர்ந்தது என்னவென்று சற்று விளங்கிக்கொள்வோம். நம் முதுகெலும்பு 33 சிறு எலும்புகளால் ஆனது. அவற்றுள் ஏழு கழுத்தில் உள்ளன. அந்த எலும்புகளின் நடுவே ஓடும் குழாயினுள், ஏறத்தாழ ஒன்றரை அடி நீளமும் சுண்டுவிரல் பருமனும் கொண்ட தண்டுவடம் இருக்கிறது. மூளையின் ஆணைகள் யாவும் இதன் வழியாகவே இறங்குகின்றன. தொடுதல், சூடு, குளிர், வலி ஆகிய செய்திகள் யாவும் இதன் வழியாகவே ஏறுகின்றன. மடை அடைபட்டுப் போனால் கண்மாயில் நீர் நிறைந்திருந்தும் கடைமடை வயல் காய்வதைப் போல, தண்டுவடம் அறுபட்டால் மூளையில் அறிவும் ஆசையும் நிறைந்திருந்தும் கீழுள்ள அவயவங்களுக்கு அவற்றில் ஒரு துளியும் சென்று சேர்வதில்லை. கழுத்தில் முறிந்தால் கைகளும் கால்களும் சேர்ந்தே செயலிழக்கும். மிக உயரத்தில் முறிந்தால் சுவாசமே தடைப்படும். முதுகின் கீழ்ப்பகுதியில் முறிந்தால் கால்கள் மட்டும் போகும். எங்கே முறிந்தாலும், மலஜலம் கழிக்கும் சுவாதீனம் பெரும்பாலும் போய்விடும்; அதை வெளியே சொல்லக் கூசியே நம் நாட்டில் எத்தனையோ பேர் உள்ளறையில் ஒடுங்கிக் கிடக்கிறார்கள்.

ஒருமுறை முற்றிலும் அறுந்த தண்டுவடத்தை மீண்டும் ஒட்டவைக்கும் வித்தையை வைத்திய சாஸ்திரம் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. இந்த உண்மையைக் குடும்பத்தாரிடம் கனிவோடும் தெளிவோடும் சொல்வது வைத்தியரின் முதற்கடமை. ஏனெனில், நடந்துவிடுவான், நடந்துவிடுவாள் என்ற நம்பிக்கையொன்றையே பற்றிக்கொண்டு, நிலத்தை விற்று, நகையை விற்று, ஊர் ஊராக எண்ணெய்க்கும் தாயத்துக்கும் அலைந்து, கடைசியில் கைப்பொருளும் தீர்ந்து மனமும் தீர்ந்த குடும்பங்கள் பல. நடை திரும்புமா என்ற கேள்வியிலேயே எல்லாப் பொருளையும் செலவிட்டுவிட்டால், வாழ்வு திரும்புமா என்ற கேள்விக்குச் செலவிட ஒன்றும் மிஞ்சுவதில்லை.

முதல் உலகப் போரின் காலத்தில் தண்டுவடம் முறிந்த போர்வீரர்களில் பெரும்பாலோர் வெகுகாலம் வாழவில்லை. அவர்களைக் கொன்றவை முறிந்த எலும்புகள் அல்ல. அசையாமல் கிடந்ததால் உண்டான படுக்கைப் புண்களும், சிறுநீர்ப் பாதையில் புகுந்த நச்சுக் கிருமிகளுமே. ஜெர்மனியில் பிறந்து, யூதராகையால் ஹிட்லரின் கொடுமைக்குத் தப்பி இங்கிலாந்து சேர்ந்த லுட்விக் குட்மன் என்னும் நரம்பியல் வைத்தியர், 1944-ஆம் ஆண்டில் ஸ்டோக் மாண்டவில் என்ற ஊரின் மருத்துவமனையில் இத்தகையோருக்கென ஒரு பிரிவைப் பொறுப்பேற்றபோது, மற்றவர்கள் மரணத்துக்குக் காத்திருக்கும் கூடமாக எண்ணியதை வாழ்வுக்குப் பயிற்சி தரும் கூடமாக மாற்றத் துணிந்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவென்றும் பகலென்றும் பாராமல், ஒவ்வொருவரையும் பக்கம் மாற்றிப் படுக்கவைத்தார். பிறகு அவர்கள் கையில் வேலையைக் கொடுத்தார்; அதன்பின் பந்தையும் வில்லையும் கொடுத்தார். 1948-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் நாள், லண்டனில் ஒலிம்பிக் விழா தொடங்கிய அதே நாளில், சக்கர நாற்காலியில் அமர்ந்த பதினாறு பேர் அந்த மருத்துவமனைப் புல்வெளியில் வில்வித்தைப் போட்டியில் கலந்துகொண்டனர். அந்தச் சிறிய போட்டி பன்னிரண்டே ஆண்டுகளில், 1960-இல், ரோம் நகரில் 23 நாடுகளிலிருந்து ஏறத்தாழ 400 பேர் பங்குகொண்ட விழாவாக வளர்ந்து, இன்று நாம் பாராலிம்பிக் என்று அழைக்கும் பெருவிழாவாக நிலைபெற்றது. நம் நாட்டைச் சேர்ந்த முரளிகாந்த் பேட்கர், இராணுவத்தில் குத்துச்சண்டை வீரராயிருந்தவர், 1965-ஆம் ஆண்டுப் போரில் குண்டடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தபின் நீச்சலைக் கற்று, 1972-இல் ஹைடல்பர்க் நகரில் 50 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்றார். பாராலிம்பிக்கில் இந்தியா பெற்ற முதல் தங்கம் அது.

இவ்வரலாற்றைக் கேட்டு நாம் பெருமிதம் கொள்வது இயல்பு. எனினும் ஓர் எச்சரிக்கை அவசியம். பதக்கம் பெற்றவரை மட்டுமே மீண்டவராகக் கருதுவோமாயின், பதக்கம் பெறாமல், கட்டிலிலிருந்து நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து வாசலுக்கும், வாசலிலிருந்து தெருவுக்கும் வந்து சேர்ந்த ஆயிரக்கணக்கானோரின் பிரயாசையை நாம் காணாதவர்களாகிவிடுவோம். குட்மன் செய்த பெருங்காரியம் விளையாட்டு விழாவைத் தொடங்கியது என்று பலர் சொல்வர். இரவு இரண்டு மணிக்கு ஒரு நோயாளியைப் பக்கம் மாற்றிப் படுக்கவைக்க ஒரு தாதி விழித்திருந்தாக வேண்டும் என்று விதித்ததையே நான் அதனினும் பெரிதாகக் கருதுகிறேன். அந்த விதி இல்லையேல் அந்த விழாவுக்கு வர ஒருவரும் உயிரோடு இருந்திருக்க மாட்டார்கள்.

அந்த இரவுப் பணியைச் சற்று அருகில் சென்று பார்ப்போம். இதைச் செய்யப்போகிறவர்கள் பெரும்பாலும் நம் வீட்டுத் தாய்மார்களும் சகோதரிமார்களுமே. பத்து மணிக்கு வலப்பக்கம் சாய்த்து, முதுகுக்கு ஒரு தலையணையும் முழங்கால்களுக்கிடையே ஒரு தலையணையும் வைக்க வேண்டும். பன்னிரண்டு மணிக்கு எழுந்து மல்லாக்கப் படுக்கவைத்து, குதிகால் படுக்கையில் படாமல் கெண்டைக்காலுக்கு அடியில் துணியை மடித்து வைக்க வேண்டும். இரண்டு மணிக்கு இடப்பக்கம் திருப்ப வேண்டும். ஒவ்வொரு முறையும் விளக்கைப் போட்டு, இடுப்பின் பின்பக்கம், பிட்டம், குதிகால், கணுக்கால் ஆகிய எலும்பு துருத்தும் இடங்களைப் பார்க்க வேண்டும். வெளுத்த தோலில் சிவப்புத் தெரியும். நம்மவர் நிறத்தில் அது தெரியாது. தோல் வழக்கத்தைவிடக் கறுத்துக் கன்றியிருக்கிறதா, தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று புறங்கையால் தடவித்தான் அறிய வேண்டும். அப்படியிருந்தால், அது மாறும்வரை அந்தப் பக்கம் படுக்கவைக்கவே கூடாது. உணர்ச்சியற்ற தோலாகையால் வெந்நீர்ப் பையும், வெயிலில் காய்ந்த கட்டாந்தரையும்கூடச் சுட்டுப் புண்ணாக்கிவிடும். சுட்டது அவருக்குத் தெரியாது. சிறுநீரைக் குழாய் மூலம் வேளை தவறாமல் சுத்தமாக வெளியேற்றாவிட்டால், காலம் செல்லச் செல்ல அது சிறுநீரகத்தையே பாதிக்கும். எந்தச் செய்தித்தாளும் எழுதாத, எந்தக் கூட்டமும் கைதட்டாத இந்தக் காரியங்களின்மீதுதான் பின்னர் வரும் கல்வியும் தொழிலும் புகழும் நிற்கின்றன.

பிரீத்தி அம்மையாரின் வாழ்வுக்கு மீண்டும் வருவோம். அந்த விபத்துக்குப் பின் பல ஆண்டுகள் அவர் வெளியுலகத்தை விட்டு ஒதுங்கியிருந்தார். அதை நான் பலவீனமென்று சொல்லமாட்டேன். ஓடியும் நீந்தியும் தம்மைத் தாமாக அறிந்திருந்த ஒருவருக்கு அந்த உடலே அந்நியமாகிவிட்டால், தாம் யார் என்ற கேள்வியை முதலிலிருந்து கேட்டாக வேண்டியிருக்கிறது; விடை கிடைக்கக் காலம் செல்லும். பெற்றோர் இருவரும் தம் மகளையே தம் வாழ்வாகக் கொண்டனர். தபால்வழிக் கல்வியில் மனோதத்துவம் படிக்க விரும்பியபோது, சாய்தளமும் மின்தூக்கியும் இல்லாத கட்டடங்கள் அவருக்கு வழிவிடவில்லை. 2007-ஆம் ஆண்டில் தந்தை காலமானார். எஞ்சியது வயது முதிர்ந்துவரும் தாய் ஒருவரே. தாய்க்குப் பின் யார் என்ற கேள்வி எழுந்தபோது, கழுத்துக்குக் கீழே செயலற்ற ஒரு பெண்ணை ஏற்றுக் காலமெல்லாம் பேணக்கூடிய இல்லத்தைத் தேடிப்பார்த்தும் அவருக்குக் கிடைக்கவில்லை.

தம்மைப் போலவே செயலிழந்த பெண்கள் சிலர் தம் குடும்பத்தாராலேயே பாரமென்று கருதப்பட்டுக் கைவிடப்படும் செய்தியும் அக்காலத்தில் அவர் காதுக்கு எட்டியது. பெற்றோரின் அன்பும் கொஞ்சம் வசதியும் தமக்கு வாய்த்திருக்க, அவை வாய்க்காதவரின் கதி என்னவென்ற எண்ணமே அவரைத் தம் அறையிலிருந்து வெளியே அழைத்து வந்தது. தாயின் தூண்டுதலோடு 2013-ஆம் ஆண்டில் திருவண்ணாமலையில் சோல்ஃப்ரீ என்னும் அறக்கட்டளையை நிறுவினார். தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களுக்கு, அதிலும் விசேஷமாகப் பெண்களுக்கு, சிகிச்சைப் பயிற்சியும், சக்கர நாற்காலியும், மாத உதவியும், பிழைப்புக்கு வழியும் தேடித் தருவது அந்த ஸ்தாபனத்தின் பணி. சென்னை ஐ.ஐ.டி.யில் ஆராய்ச்சி மாணவியாகவும் சேர்ந்தார். 2017-ஆம் ஆண்டில் தமிழக அரசு அவருக்குத் துணிவுக்கும் சாகசத்துக்குமான கல்பனா சாவ்லா விருதை வழங்கியது.

மைதானத்தில் பதினோரு பேரை வழிநடத்தியவர் இப்போது தம்மைப் போன்ற பலரை வழிநடத்துகிறார் என்பதைப் பார்க்கும்போது, அணித்தலைமைக்கு வேண்டிய குணம் கைகால்களில் இருந்ததன்று என்பது பிரத்தியட்சமாகிறது. ஆனால் நான் முன்பு சொன்னதை இங்கே மறுபடியும் நினைவூட்ட வேண்டும். அவர் அரங்கில் பேசும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பின்னே, அவரைக் குளிப்பாட்டி, உடுத்தி, நாற்காலியில் அமர்த்திய கைகள் இருக்கின்றன. அந்தத் தாயின் பெயரைப் பல சபைகளில் யாரும் கேட்பதில்லை. அம்மையாரின் மனோதிடத்தைக் குறைத்துச் சொல்ல இதைக் கூறவில்லை. மனோதிடம் விளைவதற்கும் நிலமும் நீரும் வேண்டும் என்பதற்காகவே கூறுகிறேன்.

இவருக்கு ஒரு தலைமுறை முந்தியவர் ஒருவரும் நம் தமிழகத்திலேயே உண்டு. ஆய்க்குடி ராமகிருஷ்ணன் என்று தென்னாட்டார் அன்போடு சொல்லும் எஸ். ராமகிருஷ்ணன், பொறியியல் கல்லூரி மாணவராயிருந்த காலத்தில், 1975-ஆம் ஆண்டு, கடற்படை அதிகாரிகளுக்கான தேர்வுக்குப் பெங்களூர் சென்றார். தேக வலிமையைச் சோதிக்கும் பயிற்சிகளில் ஒன்றில் உயரத்திலிருந்து விழுந்து கழுத்து முறிந்து, கைகால் செயலிழந்தார். இராணுவ மருத்துவமனையில் அவரைக் கவனித்த டாக்டர் அமர்ஜித் சிங் சாஹல் என்னும் விமானப்படை வைத்தியர், உடலோடு உள்ளத்துக்கும் சிகிச்சை தந்தார். ஊர் திரும்பிய ராமகிருஷ்ணன், ஐக்கிய நாடுகள் சபை ஊனமுற்றோருக்கான சர்வதேச ஆண்டாக அறிவித்த 1981-ஆம் ஆண்டில், விரல் விட்டு எண்ணத்தக்க சில குழந்தைகளோடு ஒரு சிறு பள்ளியைத் தொடங்கி, அந்த வைத்தியரின் பெயரையே சூட்டி அமர் சேவா சங்கம் என்று அழைத்தார். பட்டயக் கணக்காளரும், தசைச் சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் வாழ்பவருமான எஸ். சங்கரராமன் பின்னர் அவரோடு இணைந்தார். குற்றாலத்து மலைச்சாரலுக்கு அருகில் உள்ள அந்தச் சிற்றூரில் இன்று பள்ளியும், சிகிச்சைக் கூடமும், தொழிற்பயிற்சியும், தண்டுவடம் பாதிக்கப்பட்டோருக்கான மறுவாழ்வுப் பிரிவும் கொண்ட பெரிய வளாகம் விளங்குகிறது. 2020-ஆம் ஆண்டில் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

இதில் நான் உங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புவது ஒன்று உண்டு. அந்த ஸ்தாபனம் சென்னையிலோ மதுரையிலோ எழவில்லை, ஆய்க்குடியில் எழுந்தது. ஆவூரைப் போன்ற ஓர் ஊரே அது. தம் ஊர்ப்பிள்ளை நகரத்து விடுதியொன்றில் போய் ஒடுங்க வேண்டாம், நம்மிடையேயே இருக்கட்டும் என்று ஊரார் எண்ணியிராவிட்டால் அது எழுந்திருக்காது.

வேலூரையும் குறிப்பிடாமல் போகலாகாது. அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இளம் வைத்தியராயிருந்த மேரி வர்கீஸ் அம்மையார், 1954-ஆம் ஆண்டில் நேர்ந்த கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். டாக்டர் பால் பிராண்டின் ஊக்கத்தால், தொழுநோயால் மடங்கிப்போன கைகளை நிமிர்த்தும் அறுவைச் சிகிச்சைகளைச் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே செய்யக் கற்றார். பின்பு அமெரிக்கா சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966-ஆம் ஆண்டில் வேலூரில் மறுவாழ்வு நிலையம் எழுந்ததற்கு அவரே முதற்காரணர். தண்டுவடம் முறிந்தவர்கள் அங்கே தங்கி, உடன் வந்த குடும்பத்தாரும் கூடவே பயிற்சி பெற்று, வீட்டுக்குத் திரும்பும் முறை நிலைபெற்றது. குடும்பத்துக்கும் பயிற்சி வேண்டும் என்பதை உணர்ந்ததே அதன் சிறப்பு.

இனி, அன்பர்களே, ஆவூராராகிய நாம் செய்யக்கூடியவை எவை?

முதலாவது, களத்தின் ஓரத்தில் கழியும் முதல் ஒரு மணி நேரம். வாடிவாசலில் ஒரு வீரர் தூக்கியெறியப்பட்டு விழுந்து அசையாமல் கிடந்தால், அல்லது கபடியில் தலைகுப்புற விழுந்து கால் மரத்துப்போனதாகச் சொன்னால், நம் வழக்கம் என்ன? அன்பின் மிகுதியால் நால்வர் ஓடிச்சென்று தோளில் இருவர், காலில் இருவர் பற்றி, கழுத்துத் தொங்கத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்கிறோம். மோட்டார் சைக்கிளில் இருவர் நடுவே இருத்தி அழைத்துப்போகிறோம். விழுந்தபோது எலும்பு மட்டுமே முறிந்து, தண்டுவடம் பிழைத்திருக்கக்கூடும்; தூக்கியபோது அதுவும் அறுந்துபோகக்கூடும். ஆகையால், மாடு வெளியேறி ஆபத்து நீங்கியவுடன், ஒருவர் தலைமாட்டில் முழந்தாளிட்டு, இரு கைகளாலும் தலையை அது இருக்கும் நிலையிலேயே அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். 108-க்கு மற்றொருவர் சொல்ல வேண்டும். நகர்த்தியே ஆக வேண்டுமாயின், தலை, தோள், இடுப்பு, கால் யாவும் ஒரே நேர்கோட்டில் இருக்க, தலையைப் பிடித்தவர் சொல்லும் சொல்லுக்கு எல்லோரும் சேர்ந்து, மரக்கட்டையைப் புரட்டுவது போலப் புரட்டி, தட்டையான பலகையில் கிடத்த வேண்டும். இதை ஒரு மாலைப்பொழுதில் கற்றுக்கொள்ளலாம். காளையைத் தழுவக் கற்ற கைகளுக்கு இது கடினமான வித்தையன்று.

இரண்டாவது, கிணறுகள். கோடை விடுமுறையில் நம் சிறுவர்கள் கிணற்று மேட்டிலிருந்தும் குளத்துக் கரையிலிருந்தும் தலைகீழாகப் பாய்வதை நாம் வேடிக்கை பார்க்கிறோம். சென்ற மாதம் இரண்டு ஆள் ஆழம் இருந்த நீர் இந்த மாதம் இடுப்பளவாக வற்றியிருக்கலாம். கலங்கல் நீரில் அடிப்பாறை கண்ணுக்குத் தெரியாது. பிரீத்தி அம்மையாரின் கழுத்து முறிந்தது தொடையளவு நீரில் என்பதை ஒவ்வொரு பள்ளிப் பிள்ளையும் அறிந்திருக்க வேண்டும். இறங்கி ஆழம் பார்க்காத நீரில் தலையை முன்னே விட்டுப் பாய்வதில்லை என்பதை இவ்வூர்ப் பிள்ளைகளின் பழக்கமாக்குங்கள்.

இப்படிச் சொல்வதால், விளையாட்டே வேண்டாம் என்று இவர் சொல்கிறார் போலும் என எவரும் கருத வேண்டாம். தென்னை ஏறியும், மாடியிலிருந்து தவறியும், சாலை விபத்திலும் தண்டுவடம் முறிந்தவர்கள் எத்தனையோ பேர். அதற்காக மரம் ஏறுவதையும் சாலையில் செல்வதையும் உலகம் நிறுத்திவிடவில்லை. பயத்தை வென்று தேகத்தைப் பழக்கும் வாலிபர்கள் ஓர் ஊருக்கு அணிகலன். அவர்களைக் களத்துக்கு அனுப்பும் ஊர், அவர்கள் விழுந்தால் தாங்கவும் ஆயத்தமாயிருக்க வேண்டும் என்பதே என் விண்ணப்பம்.

மூன்றாவது, வீடு. மருத்துவமனையிலிருந்து திரும்பும் நாளில் ஊரே கூடி வரும். ஆறாம் மாதத்தில் ஒருவரும் வரமாட்டார். வாராவாரம் முறை வைத்து இரு இளைஞர்கள் சென்று, அவரை நாற்காலியில் ஏற்றித் தெருமுனைவரை அழைத்துவந்தால், அந்த ஒரு மணி நேரம் அந்தத் தாய் கண்ணயர்வாள். சட்டமும் கையில் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொதுக் கட்டடங்களில் தடையற்ற வழியைக் கோருகிறது. அரசு வேலைகளில் நூற்றுக்கு நான்கு இடம் ஒதுக்குகிறது. தமிழக அரசு தண்டுவடம் பாதிக்கப்பட்டோருக்கு மாதந்தோறும் பராமரிப்பு உதவித்தொகையும் தருகிறது. ஆனால் அடையாள அட்டைக்கும் விண்ணப்பத்துக்கும் அலைய, நடக்க முடியாதவரையே அனுப்புவது முறையாகுமா? படித்த பிள்ளைகள் அந்த அலைச்சலை ஏற்றுக்கொள்ளலாமே.

நான்காவது, வாசற்படி. நம் ஆலயம், கோயில், பள்ளி, நியாயவிலைக் கடை, நூலகம் இவற்றின் படிகளைச் சென்று எண்ணிப்பாருங்கள். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்ற கணக்கில் சாய்தளம் அமைத்தால், சக்கர நாற்காலியில் வருபவர் பிறர் தள்ளாமலே தாமே ஏறலாம். அதைவிடச் செங்குத்தாகக் கட்டிவிட்டுச் சாய்தளம் கட்டினோம் என்று சொல்வதில் பயனில்லை. பத்து மூட்டை சிமெண்டும் ஒரு கொத்தனாரின் சில நாள் உழைப்பும் ஒரு மனிதரை ஊருக்குத் திருப்பித் தரக்கூடுமாயின், அது மலிவான விலையே.

ஐந்தாவது, களத்தில் அவருக்குரிய இடம். விளையாட்டையே உயிராகக் கொண்டிருந்தவரை விளையாட்டிலிருந்து முற்றிலும் அகற்றிவிடுவது இரண்டாவது முறை அவர் முதுகை முறிப்பதற்கு ஒப்பாகும். காளையின் பாய்ச்சலை அவரைப்போல அறிந்தவர் யார்? வாடிவாசலில் வருணனை சொல்ல அவர் குரல் போதுமே. கபடிச் சிறுவருக்கு மூச்சடக்கமும் பிடியும் சொல்லித்தர, நடுவராயிருந்து தீர்ப்புச் சொல்ல, பரிசுப் பணக் கணக்கைப் பார்க்க, அவர் கால் எதற்கு? அனுதாபத்துக்காகத் தரும் பதவியாக அது இருத்தலாகாது. அவர் அறிந்த வித்தைக்காகத் தரும் பொறுப்பாகவே இருத்தல் வேண்டும்.

இந்தக் கூட்டத்தில் இருக்கக்கூடிய, அல்லது இந்தப் பேச்சை வேறெவர் வாயிலாகவேனும் கேட்கக்கூடிய, விழுந்துபோன அந்தச் சகோதரருக்கும் சகோதரிக்கும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். தைரியமாயிருங்கள் என்று நான் உபதேசிக்கப் போவதில்லை. அந்தச் சொல்லை நீங்கள் போதுமான அளவு கேட்டிருப்பீர்கள். அழ வேண்டிய நாட்களில் அழுங்கள். ஆனால் உதவி கேட்பதை இழிவென்று எண்ணாதீர்கள். நீங்கள் களத்தில் நின்றபோது ஊர் உங்களிடமிருந்து மகிழ்ச்சியைப் பெற்றுக்கொண்டது. இப்போது நீங்கள் கேட்பது பிச்சையன்று, உங்களுக்குச் சேர வேண்டிய பாக்கி. கேளுங்கள், கேட்டுப் பெற்றதைக் கொண்டு நீங்கள் செய்யப்போகும் காரியம், ஆய்க்குடியிலும் திருவண்ணாமலையிலும் நடந்ததைப் போல, உங்களுக்குப் பின் விழக்கூடியவருக்கும் நிழலாகலாம்.

ஊர்ப் பெரியோர்களே, இளைஞர்களே, கேட்பதற்கு இனிய சொற்களோடு இக்கூட்டம் கலைந்துவிடக் கூடாது. அடுத்த திருவிழாவுக்கு முன்னதாக, வாடிவாசலுக்கு அருகில் ஒரு தட்டைப் பலகையும், கழுத்துப் பட்டையும், அவற்றைப் பயன்படுத்தத் தெரிந்த ஆறு பேரும் இருக்க வேண்டும். பார்வையாளர் மேடைக்கு ஒரு சாய்தளம் வேண்டும். அதன் முன்வரிசையில் சக்கர நாற்காலிகளுக்கென்று இடம் ஒதுக்கப்பட வேண்டும். அந்த ஆறு பேர் யார், அந்தச் சாய்தளத்தின் செலவை ஏற்பவர் யார் என்பதை, நன்றியுரைக்கு முன்பே, இந்த மேடையிலேயே பெயர் சொல்லி முடிவு செய்யுமாறு உங்களைக் கேட்டுக்கொண்டு, என் உரையை முடிக்கிறேன்.